தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டுக்கு யார் துணை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவரைத் தற்கொலையால் இழந்தவர்களுக்கும், அந்த வீட்டுக்குப் போய்த் துணை நிற்க வேண்டியவர்களுக்கும் எழுதப்பட்டது இது. சட்டமும் அலுவலக நடைமுறைகளும் தமிழ்நாட்டுக்கு உரியவை. படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே வாழ வேண்டாம் என்று தோன்றினால் மீதியைப் பிறகு படிக்கலாம். இப்போதே 14416 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இது யாருடைய பொறுப்பு? குடும்பத்தினரே ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள மாட்டார்களா?

முதல் சில வாரங்களுக்கு அவர்களால் முடியாது. மகனை இழந்த வீட்டில் அம்மா, அப்பா, அக்கா மூவரும் ஒரே நேரத்தில் விழுந்து கிடக்கிறார்கள். யாரை யார் தூக்குவது? போதாததற்கு, "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ஒருவருக்குள் ஓடும். "நீ திட்டினதாலதான்" என்று இன்னொருவருக்குள் ஓடும். மாரடைப்பில் இறந்தவர் வீட்டில் இந்த இரண்டாவது பாரம் இருப்பதில்லை.

ஆகவே பொறுப்பு அடுத்த வட்டத்தில் இருப்பவர்களுடையது: சித்தப்பா, அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள். அவர்களுக்கு அடுத்து காவல் நிலையம், மருத்துவமனை, பள்ளி, அலுவலகம், வங்கி. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேலை இருக்கிறது, கீழே சொல்கிறோம்.

துக்க வீட்டார் போன் எடுத்து உதவி கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கேட்கவே மாட்டார்கள். வெட்கம், குற்ற உணர்வு, எதைக் கேட்பது என்றே தெரியாத நிலை எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பேட்டன் ரூஜ் நகரில் ஃபிராங்க் கேம்பெல் என்பவர் உருவாக்கிய முறையில், இதே இழப்பை முன்பு சந்தித்த தன்னார்வலர்கள் செய்தி வந்ததும் சம்பவ இடத்துக்கே போய் வீட்டாரோடு உட்கார்கிறார்கள். நம் ஊரில் காவலரோடு அப்படி யாரும் வருவதில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அத்தனை வீடுகளிலும் அந்த முதல் நாளைத் தாங்கியது உறவும் தெருவும்தான். அதை முறையாகத் தெரிந்துகொண்டு செய்யலாம் என்பதே எங்கள் எண்ணம்.

யார் முன்னே நிற்பது?

ஒரே ஒருவர். பத்துப் பேர் முன்னே நின்றால் பத்து முடிவு வரும். இரண்டு மூன்று நாள் வேலையை விட்டு வரக்கூடியவர், குடிக்காதவர், வீட்டுச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர், எதையும் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் என்று பார்த்து ஒருவரிடம் ஒப்படையுங்கள். பெரும்பாலும் ஒன்றுவிட்ட அண்ணனோ, தாய்மாமனோ, அப்பாவின் பழைய நண்பரோ இதற்குச் சரியாக அமைவார்கள். காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் அவர் போவார். வீட்டைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும், அது பெண்ணாக இருந்தால் நல்லது: அம்மாவுக்கு இரண்டு வாய் கஞ்சி, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுப்பது, குழந்தைகளைக் கூட்டத்திலிருந்து விலக்கி வைப்பது, யாரையும் தனியாக விடாமல் இருப்பது அவர் வேலை.

முதல் நாள் என்னென்ன நடக்கும்?

காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் உயிர் பிரிந்திருந்தால் அங்கிருந்தே தகவல் போய்விடும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 194-ன் கீழ் வழக்குப் பதிவாகும். 2024 ஜூலை 1-க்கு முன் இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174 என்று இருந்தது. பல ஊர்களில் இன்னும் 'நூத்தி எழுபத்தி நாலு' என்றே சொல்வார்கள். முதல் தகவல் அறிக்கை என்ற பெயரைப் பார்த்ததும் வீட்டார் நடுங்கிப்போவார்கள். யார்மீதும் குற்றம் சாட்டும் வழக்கல்ல, மரணம் எப்படி நேர்ந்தது என்று அறிவதற்கான பதிவுதான் என்பதை முன்னே நிற்பவர் அவர்களுக்கு விளக்க வேண்டும்.

அடுத்தது பிரேத விசாரணை. அக்கம்பக்கத்தார் இருவரோ அதற்கு மேலோ பஞ்சாயத்தாராக, அதாவது சாட்சிகளாக, இருந்து கையெழுத்திட வேண்டும். வீட்டாரின் வாக்குமூலமும் அப்போது எழுதப்படும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். இறந்தவரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி நான்கும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். 'செல்வம்' என்பது ஓரிடத்தில் 'செல்வன்' ஆகிவிட்டால் ஆறு மாதம் கழித்துக் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு நின்றுவிடும். அதைத் திருத்துவதற்குள் காலணி தேய்ந்துபோகும்.

பிரேதப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் நடக்கும், கட்டணம் இல்லை. சூரியன் மறைந்த பிறகும் வசதியுள்ள மருத்துவமனைகளில் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. ஆனால் சட்டம் ஒழுங்குச் சிக்கல் எழும் நிலை தவிர, தற்கொலை மரணங்களை அந்த அனுமதியிலிருந்து விலக்கிவிட்டது. மதியத்துக்கு மேல் தாள்கள் தயாரானால் உடல் மறுநாள்தான் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெளியூர் உறவுக்கு 'எடுக்கும் நேரம்' சொல்லும் முன் மருத்துவமனையில் விசாரியுங்கள். உடலை வீட்டுக்குக் கொண்டுவர 155377-க்கு அழைத்தால் இலவச அமரர் ஊர்தி வரும்.

சில சமயம் உள்ளுறுப்பு மாதிரிகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்த முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை பரிசோதனைச் சான்றில் இறுதிக் கருத்து நிலுவையில் இருக்கும். வழக்கமாக நடப்பதுதான், யாரும் எதையோ மறைக்கிறார்கள் என்று பொருளில்லை.

"போலீஸ் வேண்டாம், யாருக்கும் தெரியாமல் எடுத்துடலாம்" என்று ஒரு பெரியவர் எப்படியும் சொல்வார். கேட்காதீர்கள். பின்னால் சந்தேகப் புகார் கிளம்பினால் வீட்டார்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இறப்புப் பதிவிலிருந்து காப்பீடு வரை எல்லாமே சிக்கலாகும்.

இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இருக்கும் பெண். என்ன வேறுபாடு?

விசாரணையைக் கோட்டாட்சியர் நடத்துவார். பெண்ணின் பெற்றோர், கணவர் வீட்டார் இரு தரப்பிடமும் தனித்தனியாகக் கேட்பார். இந்த நேரத்தில் இரு குடும்பமும் பிணவறை வாசலில் நேருக்கு நேர் நிற்பதைத் தவிர்க்க, தரப்புக்கு ஒருவராக முன்னே நிற்பவர்கள் பேசிக்கொள்ள வேண்டும். கொடுமை நடந்தது என்று பெண் வீட்டார் நம்பினால், அதை அன்றைக்கே எழுத்தில் கொடுப்பது நல்லது. தாமதத்தைக் காட்டியே பின்னால் கேள்வி கேட்பார்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. தாய் இல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருப்பது என்ற பேச்சைச் சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்றே எடுக்காதீர்கள்.

எழுதிவைத்த கடிதமும் போனும் போலீஸிடம் போய்விட்டன. திரும்பக் கிடைக்குமா?

எடுத்துப்போகும் பொருட்களின் பட்டியலை எழுதச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தையும் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பாருங்கள். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்ற இறுதி அறிக்கை போன பிறகு, பொருட்களைத் திரும்பப் பெற நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கடிதத்தை எல்லா உறவுக்கும் அனுப்பாதீர்கள். சாகும் தறுவாயில் எழுதிய ஒரு பக்கத்தை வைத்து ஒரு வாழ்க்கையை எடைபோடுவார்கள். அதில் பெயர் இருக்கும் ஒருவர், பெயரே இல்லாத இன்னொருவர், இருவருமே அதைச் சுமந்துகொண்டு இருக்க வேண்டிவரும்.

சிம் அட்டையை உடனே ரத்து செய்யாதீர்கள், ரீசார்ஜ் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீடு, வருங்கால வைப்புநிதி எல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகியிருக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து இறந்தவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது தவறு. வாரிசுத் தகராறில் அதுவே முதல் குற்றச்சாட்டாக நிற்கும்.

சம்பவம் நடந்த அறையை யார் சுத்தம் செய்வது?

காவலர் முடித்துக்கொண்டு போன பிறகு, வெளியாள் இருவர் செய்ய வேண்டும். அம்மாவோ மனைவியோ தம்பியோ அதைச் செய்யும்படி ஒருபோதும் விடாதீர்கள். கேட்கக் கூச்சப்பட்டு எல்லோரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். ஆனால் அதிகமாகச் செய்துவிடவும் கூடாது. துணிமணி, செருப்பு, தலையணை எல்லாவற்றையும் அன்றைக்கே மூட்டை கட்டி எரித்துவிடுவார்கள். கொடியில் கிடக்கும் அழுக்குச் சட்டையைத் துவைத்துவிடாதீர்கள். பல அம்மாக்கள் மாதக்கணக்கில் அந்தச் சட்டையில்தான் முகத்தைப் புதைத்துப் பிள்ளையின் வாசத்தைத் தேடுவார்கள். ஒரு பையில் போட்டுக் கட்டி பீரோவில் வையுங்கள். வேண்டாம் என்பதை அவர்களே பிறகு முடிவு செய்யட்டும்.

துக்கம் விசாரிக்கப் போகிறோம். என்ன பேசுவது?

மிகக் குறைவாகப் பேசுங்கள். "வந்திருக்கேன்க்கா" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். இப்படி இறந்தவரின் பெயரை ஊர் சட்டென்று நிறுத்திவிடும், அது வீட்டாருக்கு இரண்டாவது சாவு மாதிரி இருக்கும். "கல்யாணத்துல பந்தியில நின்னு அவன் ஓடி ஓடிப் பரிமாறினது கண்ணுலயே நிக்குது" என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம்.

சொல்லக் கூடாதவை: "என்ன காரணம்?", "முன்னாடியே தெரியலையா?", "கோழை மாதிரிப் பண்ணிட்டானே", "உங்களை நினைச்சுப் பார்த்தானா?", "இன்னொரு பிள்ளை இருக்கே". கடைசியில் சொன்னது ஆறுதல் என்று நினைத்தே சொல்லப்படுகிறது. பக்கத்தில் நிற்கும் அந்த இன்னொரு பிள்ளையின் காதில் அது எப்படி விழும் என்று யாரும் யோசிப்பதில்லை.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் "வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு நான் கொண்டுவர்றேன்", "திங்கள்கிழமை தாலுகா ஆபீஸுக்கு நான் கூட வர்றேன்" என்று நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால் வந்துவிட வேண்டும்.

மாரடைப்பு என்று சொல்லிவிடலாமா?

தெருவுக்கெல்லாம் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "திடீர்னு தவறிட்டாங்க, அதைப் பத்தி இப்ப பேச முடியல" என்று சொன்னால் போதும், அதில் பொய்யும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு கதை, வெளியே ஒரு கதை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வருகையாளரிடமும் நாடகம் ஆட வேண்டியிருக்கும், அது சோர்வைத்தான் கூட்டும். நெருங்கிய ஐந்தாறு பேரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். சட்டத்துக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்த்த பழைய பிரிவு 309 புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரை வற்புறுத்தவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே பிரிவு 226-ல் குற்றமாக இருக்கிறது.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

உண்மையை, அவர்களுக்குப் புரியும் அளவில், அன்றைக்கே சொல்ல வேண்டும். அப்பாவோ அம்மாவோ, முடியாவிட்டால் குழந்தை மிகவும் நம்பும் ஒரு பெரியவரோ, மடியில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். "அப்பா ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "தூங்குறாங்க" என்றால் இரவில் தூங்கப் பயப்படும். "சாமிக்குப் பிடிச்சதால கூட்டிட்டுப் போயிட்டார்" என்றால் சாமியை வெறுக்கும், அல்லது தானும் போக ஆசைப்படும்.

ஆறு ஏழு வயதுக் குழந்தைக்கு இப்படிச் சொல்லலாம்: "அப்பா இறந்துட்டாங்க. இனிமே அவங்களால பேச முடியாது, வர முடியாது. அவங்க மனசுக்கு ரொம்ப உடம்பு சரியில்லாம இருந்துச்சு, அதனால அவங்களே தன் உயிரைப் போக்கிக்கிட்டாங்க. நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல. உன்னைப் பார்த்துக்க நான் இருக்கேன்." எப்படி நடந்தது என்ற விவரம் வேண்டாம். குழந்தை இதைக் கேட்டுவிட்டு, "நான் விளையாடப் போகட்டா?" என்று கேட்கலாம். அதைக் கண்டு திடுக்கிட வேண்டாம், குழந்தைகள் துக்கத்தைத் தவணை முறையில்தான் எடுத்துக்கொள்வார்கள். அதே கேள்வியை இருபது முறை கேட்பார்கள், இருபது முறையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும்.

பதின்ம வயதினரிடம் கூடுதலாகச் சொல்லுங்கள். அவர்கள் எப்படியும் வாட்ஸ்அப்பில் பார்த்துவிடுவார்கள். "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று பதினான்கு வயதுப் பையனின் தலையில் கை வைத்துச் சொல்பவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

துர்மரணம் என்று காரியத்தைச் சுருக்கச் சொல்கிறார்களே?

சாஸ்திரத்தைவிட ஊர்ப் பேச்சின் அழுத்தமே இதில் அதிகம். பதினாறாம் நாள் காரியத்தை முழுமையாகச் செய்ய விரும்பினால் அதை நடத்திவைக்கும் ஐயரும் பூசாரியும் கிடைப்பார்கள். முதலில் கேட்டவர் மறுத்தால் வேறொருவரைக் கேளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், தற்கொலையால் இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுக்கும் பழைய விதி இல்லை. இஸ்லாத்தில் ஜனாஸா தொழுகை உண்டு என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. இதைச் சமயப் பெரியவரிடம் எடுத்துச் சொல்லும் வேலையும் முன்னே நிற்பவருக்குத்தான். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவாக இருந்தாலும் அதன் பெரியவர் ஒருமுறை வீடு தேடி வந்து எல்லோர் முன்பும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனாலே ஊர் வாய் பாதி அடங்கிவிடும்.

பதினாறு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. அப்புறம்?

எங்கள் அனுபவத்தில் உதவி மிகவும் தேவைப்படுவதும், யாரும் இல்லாமல் போவதும் இந்த இடத்தில்தான். பந்தல் பிரித்த மறுநாள் காலை ஒரு தாளை எடுத்துப் பெயர்களைப் போட்டு எழுதுங்கள்.

முதல் மூன்று மாதம்: வாரத்துக்கு இரண்டு நாள் யாராவது நேரில் போக வேண்டும், மற்ற நாட்களில் ஒரு போன். போனால் அரை மணி நேரம் போதும். போகிறபோது கையில் ஏதாவது வேலை இருக்கட்டும்: கேஸ் சிலிண்டர் புக் செய்வது, ரேஷன் வாங்கி வருவது, குழந்தையின் வீட்டுப்பாடம். வேலை இருந்தால் பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை. இரவு எட்டிலிருந்து பத்துவரை பல வீடுகளில் தாங்க முடியாத நேரம். அப்போது போகக்கூடிய ஒருவர் பட்டியலில் இருந்தால் நல்லது.

மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை போதும். ஆனால் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: இறந்தவரின் பிறந்தநாள், கல்யாண நாள், முதல் தீபாவளி, முதல் பொங்கல், தேர்வு முடிவு வரும் நாள், தலைத் திவசம். அந்த நாளைவிட அதற்கு முந்தின வாரம்தான் மோசமாக இருக்கும், அப்போதே போய்விடுங்கள். தீபாவளி கொண்டாடாத வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவதா என்று தயங்கி, போகாமலே இருந்துவிடுவார்கள் பலர். பலகாரம் இல்லாமல் வெறுங்கையோடு போகலாம்.

ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் இரண்டு மாதத்தில் ஒதுங்கிவிடுவார். குறைந்தது நான்கு பேர் வேண்டும்.

பணம், காப்பீடு, கடன். எதை முதலில் கவனிப்பது?

இறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணமும், அதற்கு மேல் அதிகாரிகளின் உத்தரவும் தேவைப்படும். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறுதி அறிக்கை மூன்றையும் சேர்த்து ஒரே கோப்பில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"தற்கொலைன்னா இன்சூரன்ஸ் வராது" என்று எல்லோரும் சொல்லிவிடுவதால் கேட்காமலே விட்ட குடும்பங்கள் ஏராளம். ஆயுள் காப்பீட்டில் பொதுவான விதி இது: பாலிசி தொடங்கி 12 மாதம் தாண்டியிருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். 12 மாதத்துக்குள் என்றால் கட்டிய பிரீமியத்தில் 80 சதவீதமாவது திரும்பக் கிடைக்கும். காலாவதியாகிப் புதுப்பித்த பாலிசியானால் புதுப்பித்த தேதியிலிருந்து அந்த 12 மாதத்தை எண்ணுவார்கள். பாலிசிப் பத்திரத்தில் தற்கொலை விதி என்றே ஒரு பத்தி இருக்கும், அதைப் படியுங்கள்.

வங்கிக் கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் உண்டு, தற்கொலைக்கும் பொருந்தும். புதிதாகச் சேர்ந்தவருக்குத் தொடக்கத்தில் சில வாரக் காத்திருப்புக் காலம் மட்டும் உண்டு. 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டில் தற்கொலைக்குத் தொகை கிடையாது. வருங்கால வைப்புநிதி பிடித்த வேலையில் இருந்தவரானால் வைப்புநிதி, குடும்ப ஓய்வூதியம், அதோடு 7 லட்சம் ரூபாய்வரை காப்பீடு என மூன்றையும் தனித்தனியாகக் கோர வேண்டும். படிவம் நிரப்பிக் கொடுப்பது நிறுவனத்தின் மனிதவளத் துறை தானாக முன்வந்து செய்ய வேண்டிய வேலை.

கணவரை இழந்து ஆதரவின்றி நிற்பவருக்கு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பத்துக் குழந்தைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும்.

இனி கடன். வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு அளவுக்குத்தான் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மட்டும் தனியாகப் பொறுப்பாவார். குழுக் கடன், வீட்டுக் கடன், வண்டிக் கடன் பலவற்றில் கடனோடு சேர்த்துக் காப்பீடும் பிடித்திருப்பார்கள்; கடன் தவணை அட்டையைக் கொண்டுபோய்க் கேளுங்கள். வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது. கடன் வசூலில் மிரட்டுவதைத் தண்டிக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. எந்தத் தாளிலும் முதல் மாதத்தில் புதிதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வசூலிக்க வருபவரிடம் பேச வேண்டியவர் முன்னே நிற்பவர்தான்; மனைவியை அனுப்பாதீர்கள்.

பள்ளியும் அலுவலகமும் என்ன செய்ய வேண்டும்?

மாணவர் இறந்திருந்தால், வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள். வகுப்பாசிரியர் வகுப்பறையிலேயே சொல்லட்டும். நெருங்கிய தோழர்கள் நான்கைந்து பேரை முன்பே தனியாக அழைத்துச் சொல்லி, அன்று மாலை அவர்களின் பெற்றோருக்கும் போன் செய்ய வேண்டும். மாலையிட்ட படத்தை நுழைவாயிலில் வாரக்கணக்கில் வைப்பது, பேனர் கட்டுவது இரண்டும் வேண்டாம். தடுமாற்றத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வேறு செய்தியைச் சொல்லிவிடும். பெற்றோரை இழந்த மாணவர் திரும்பி வரும் நாளில், ஒரே ஓர் ஆசிரியர் வாசலில் நின்று அழைத்துப்போனால் போதும். நடுவகுப்பில் அழுகை வந்தால் எங்கே போய் உட்காரலாம் என்று அவருக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள்.

அலுவலகம் சம்பள பாக்கியை விரைவாகக் கொடுக்க வேண்டும். இறந்தவரின் மேசையில் இருந்த பொருட்களைக் காவலாளியிடம் கொடுத்தனுப்பாமல், மேலாளர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

செய்தியாளர்கள் வந்தால்?

பேச மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இறந்த விதத்தை விவரிப்பதையும், காரணத்தை ஒற்றை வரியில் சுருக்குவதையும் தவிர்க்க வேண்டும் என்று 2019-ல் இந்தியப் பத்திரிகைக் குழு வழிகாட்டியது. முன்னே நிற்பவர் அதை நினைவூட்டலாம். சம்பவ இடத்துப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றினால், குடும்பக் குழுவில் ஒருவர் உடனே "நீக்குங்க" என்று எழுதட்டும்.

கோபம் வருகிறது, சில சமயம் நிம்மதியாகக்கூட இருக்கிறது. இது சரியா?

வரும். பல ஆண்டு குடியோடும் நோயோடும் போராடியவர் போனபின் நிம்மதி தோன்றுவதால் அன்பு இல்லை என்று ஆகாது. 'ஏன்' என்ற கேள்வி நெடுங்காலம் சுற்றும். தற்கொலைக்கு ஒரே காரணம் என்று பெரும்பாலும் இருப்பதில்லை. நோய், கடன், சண்டை, தனிமை எனப் பல சேர்ந்து அன்றைய தினம் முட்டுகின்றன. கடைசியாக நடந்த சண்டை கண்ணில் படுகிறது, மற்றவை படுவதில்லை.

அப்பாக்கள் பலர் பேசவே மாட்டார்கள். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் இன்னும் மூடிக்கொள்வார்கள். வண்டியில் கூட்டிப்போங்கள், தோட்டத்தில் கூட வேலை செய்யுங்கள். முகம் பார்க்காமல் இருக்கும்போது வார்த்தை வரும்.

வீட்டில் இன்னொருவர் "நானும் போயிடுறேன்" என்கிறார். சும்மா சொல்வதா?

சும்மா என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. பிரிட்டனில் அலெக்ஸாண்ட்ரா பிட்மன் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 18 முதல் 40 வயதுவரை உள்ள 3,432 பேர் பங்கேற்றார்கள். இயற்கைக் காரணத்தால் திடீரென ஒருவரை இழந்தவர்களைவிட, தற்கொலையால் இழந்தவர்கள் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு 65 சதவீதம் கூடுதலாக இருந்தது.

நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். 'ஆம்' என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை வேறு வீட்டுக்கே மாற்றிவிடுங்கள், அலமாரியில் பூட்டிவைப்பது போதாது. அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், உடனடி ஆபத்தென்றால் 108.

அப்படிச் சொல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடி கூடிவிட்டது, ஆறு மாதம் ஆகியும் அன்றாட வேலை எதுவும் ஓடவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேசத் துணை தேடுவோருக்கு 14416 தவிர, மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050.

எங்கள் ஊரில் ஆதரவுக் குழு எதுவும் இல்லை. நாங்களே தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும், எல்லோரும் இதே வகையில் ஒருவரை இழந்தவர்களாக இருக்க வேண்டும். நடத்துபவரின் இழப்பு குறைந்தது இரண்டு ஆண்டு பழையதாக இருக்கட்டும். முதல் மூன்று கூட்டங்களுக்காவது மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் ஒருவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள். நூலகத்தின் பின் அறை, பள்ளி வகுப்பறை போன்ற இடம் நல்லது. ஒருவர் வீடு வேண்டாம், வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துத் தெரு கேட்கும். மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஒரே கிழமை. அழைப்பில் 'தற்கொலை' என்று அச்சிட வேண்டாம், 'திடீர் இழப்பைச் சந்தித்தோர்' என்று போட்டாலே தேவைப்படுபவர்களுக்குப் புரியும்.

விதிகள் மூன்றே: இங்கே பேசுவது வெளியே போகாது, எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம், யாரும் யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருக்கவும் இடம் உண்டு. முதல் கூட்டத்தில் பெரும்பாலும் ஒருவர்கூடப் பேச மாட்டார். தண்ணீர்ச் செம்பும் கைக்குட்டையும் தயாராக வைத்திருங்கள். முதல் முறை வந்தவருக்கு இரண்டு நாள் கழித்து ஒரு போன் போட்டு அடுத்த மாதத் தேதியைச் சொல்லுங்கள். அந்த போன் போகாத குழுக்களில் இரண்டாம் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை.